மழைப் பாட்டு மட்டும் முடியாது

"அந்த மழைப் பாட்டை மட்டும் கேக்காதீங்க. பாட முடியாது."

மேடையில் நின்று, மைக்கிலேயே சொல்லிவிட்டார் பாடகர் கார்த்திகேசன்.

அறுபது வயதில் சாயம் அடித்த தலை. சித்திரைப் புழுக்கத்திலும் தோல் ஜாக்கெட். கேசட் காலத்தில் அவர் பாடிய பாப் ஆல்பங்களில் ஊருக்கே தெரிந்தது அந்த மழைப் பாட்டு ஒன்றுதான். அதையும் பாட மாட்டேன் என்றால், மனுஷனை எதற்காகக் கூப்பிடுவது?

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்குப் பாராட்டு விழா. நடத்துபவர் ரிசார்ட் முதலாளி கலையரசன். முன்வரிசை சோபாக்களில் சென்னையிலிருந்து வந்த அவருடைய விருந்தாளிகள். பாராட்டப்பட வேண்டியவர்கள், வேலை முடிந்த கையோடு வந்து, கடைசி வரிசைகளில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மழை! மழை!" என்று சோபாக்காரர்கள் கத்தினார்கள்.

கார்த்திகேசன் யாருக்கும் தெரியாத வேறு ஒரு பாட்டை எடுத்தார். முன்வரிசை செல்போனை எடுத்தது.

பாட்டு முடிந்ததும் கலையரசன் அவரை மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"யோவ், இன்னாய்யா விளையாடறியா? அந்தப் பாட்டு இல்லேன்னா உன்னை எவன் சீண்டுவான்?"

"எவனும் சீண்ட மாட்டான் சார். கல்யாணம், காதுகுத்து, கடை தெறப்பு, எங்க போனாலும் அதே பாட்டு. சாவு வீட்லதான் இன்னும் கேக்கல."

"அதுல சம்பாரிச்சுத்தானே சோறு தின்னே?"

"நானா? தின்னது கேசட் கம்பெனிக்காரன். எனக்கு ஒரு ஷீல்டு குடுத்தான். அதுலயும் பேரு தப்பு. இப்ப அது கூட இல்ல. மெஷின் பாடுது, பையன் வாயசைக்கிறான், அவனுக்கு ரசிகர் மன்றம் வெக்கிறானுங்க. தூ! இதெல்லாம் ஒரு தொழிலு."

"தத்துவமெல்லாம் வேணாம். பாடறியா, இல்லியா? இல்லேன்னா சனிக்கிழமையில நம்ம ரிசார்ட்ல பாடறியே, அதுவும் கட்."

கார்த்திகேசனுக்கு வீட்டு வாடகையே அந்தச் சனிக்கிழமைகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முகம் தொங்கிப்போனது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"கட் பண்ணிக்குங்க சார். பாடிப் பாடி எனக்கே போர் அடிக்குது."

கலையரசன் விடுவிடுவென்று மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினார். "பாடகருக்குக் கொஞ்சம் தலைக்கனம். மன்னிச்சிடுங்க."

சோபாக்கள் ஊளையிட்டன. கார்த்திகேசன் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பூஜாவுக்கும் அதே பஸ்தான். ஸ்டாப்பில் அவரைப் பார்த்ததும் பொங்கிவிட்டாள்.

"ஒரு பாட்டு சார். அஞ்சு நிமிஷம். எங்க ஊர் ஜனங்களுக்காகவாவது பாடியிருக்கலாம்ல? பாவம், வெயில்ல வேலை செஞ்சிட்டு வந்து உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடி போயி இவ்ளோ திமிரா?"

கார்த்திகேசன் ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வர்ற வழியில பார்த்தேன்மா. உப்பு வெளைஞ்சு, வாராம அப்படியே பாத்தியில கெடக்குது. இன்னிக்கு ஒரு மழை பெஞ்சா மொத்தமும் கரைஞ்சிடும், அப்புறம் அவங்களுக்கு வேலையும் இல்ல, கூலியும் இல்ல. அவங்க மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு மழையை வா வான்னு கூப்பிட்டு ஆடச் சொல்றியா?"

பூஜா வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இதை... இதை மைக்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருந்தா அந்தாளுதான் மொதல்ல எழுந்து கைதட்டுவான். அதையும் வீடியோ எடுத்து ரிசார்ட் விளம்பரத்துல போடுவான். அதுக்கு, நான் திமிர் புடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன்."