கனக்கும் தொட்டி

நாற்காலியடியில் வைத்த சத்துப்பானப் புட்டி காலியாகக் கிடந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. அன்று காலையிலிருந்து எஃபிக்கு மனம் நிறைந்தது அதைப் பார்த்தபோது மட்டும்தான்.

மற்றதெல்லாம் எரிச்சல். தரையில் மண்டியிட்டு, மூன்றாவது தொட்டிச் செடியின் அடியிலைகளைப் புரட்டினாள். தொட்டதுமே ஓர் இலை காம்போடு கையில் வந்தது.

"நேத்து ரெண்டு மஞ்சள். இன்னிக்கு அஞ்சு. என்னதான் வேணும் உனக்கு?"

"என்னையா கேக்கற?" நாற்காலியில், போர்வைக்குள்ளிருந்து கணவன் மர்டோவின் குரல் வந்தது.

"நீதான் சமத்தா குடிச்சிட்டியே, உன்னை ஏன் கேக்கறேன்? இந்தச் சனியனைக் கேக்கறேன்."

வீட்டுக்கு நான்கு என்று அரசு அனுமதித்த கஞ்சாச் செடிகள். மகன் மேற்கே ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு வேலைக்குப் போன பிறகு காலியான அறையில், விளக்குகளுக்கு அடியில் நின்றன. வெளியே பிப்ரவரிப் பனி. வீட்டிலேயே கதகதப்பான இடம் இதுதான் என்று மர்டோவும் பகலெல்லாம் இங்கேயே, மூன்றாவது தொட்டிப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கிடந்தான்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவனுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. குமட்டலைத் தணித்துப் பசியெடுக்க வைக்க, கடையில் விற்கும் கஞ்சா எதுவும் உதவவில்லை. போன வருஷம் எஃபி வளர்த்த இதே இனம்தான் அவனை "மீன் வடை இருக்கா?" என்று கேட்க வைத்தது. அதைக் காயவைத்து அடைத்த ஜாடி தீர்ந்து ஒரு மாதமாகிறது. புதுச் செடிகள் முற்ற இன்னும் ஐந்து வாரம்.

அதுவரை மருத்துவமனை எழுதிக் கொடுத்த வெனிலா சத்துப்பானம்தான் ஆகாரம், நாளுக்கு இரண்டு புட்டி. வியாழக்கிழமை எடை பார்ப்பார்கள். குறைந்திருந்தால் அடுத்த மருந்து ஏற்ற மாட்டார்கள்.

செடிக்கு அவள் செய்யாத வைத்தியமில்லை. உரம் போதவில்லை என்று உரம் போட்டாள், மஞ்சள் ஏறியது. உரம் அதிகமோ என்று நிறுத்தினாள், அப்போதும் ஏறியது. பத்து நாளைக்கு முன் சீக்குச் செடியை முதல் இடத்துக்கு மாற்றி, அங்கே இருந்த நல்ல செடியை இங்கே கொண்டுவந்து வைத்தாள். சீக்குச் செடியில் மஞ்சள் அதோடு நின்றது. நல்ல செடி கீழேயிருந்து பழுக்கத் தொடங்கியது.

"செடியில ஒண்ணுமில்ல. இந்த எடத்துலதான் ஏதோ இருக்கு," என்றாள். ஜன்னல் இடுக்கை ஒட்டியாயிற்று. விளக்கையும் உயர்த்தியாயிற்று.

தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தை வைத்தே தண்ணீர் விடும் நாளை முடிவு செய்யும் கை அவளுடையது. ஆறு நாளாகத் தண்ணீர் காணாத தொட்டி லேசாக இருந்திருக்க வேண்டும்; தூக்கியதும் இடுப்பைப் பிடித்தது.

"மர்டோ, உண்மையைச் சொல்லு. தண்ணி ஊத்தினியா?"

"மாதா மேல சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல."

"மாதாவை இழுக்காத. நீ கோயில் வாசலை மிதிச்சு மூணு வருஷமாச்சு."

வாசலில் பனியை உதைத்து உதறும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு லாக்லன். மர்டோவோடு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவன்; இப்போது அவனும் நான்கு செடி வளர்க்கிறான்.

"வந்துட்டாருய்யா டாக்டரு," என்றான் மர்டோ. "முப்பது வருஷம் பூமிக்கடியில இருந்தவன் இலைக்கு வைத்தியம் பாக்கறான்."

"மூடிட்டு உக்காருடா. உன் மூஞ்சியே இலை கலர்லதான் இருக்கு."

எஃபி சிரிக்கவில்லை. "லாக்லன், எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போலிருக்கு. வியாழக்கிழமைய எப்படியோ தாண்டிருவோம். அதுக்கப்புறம் இது இருந்தாத்தான் இவன் சாப்பிடுவான். இதுவும் செத்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

லாக்லன் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டான். மண்ணிலிருந்து பொடி ஈக்கள் எழும்பின. அடித்தட்டில் கலங்கலாக வடிந்த நீரில் புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரை முக்கினான்.

"அஞ்சு கூட இல்ல. புளிச்சுக் கெடக்கு. வேரு மூச்சு முட்டுது, அதான் சாரம் மேல ஏறல. எஃபி, நீ என்ன உரம் போடற?"

"ரெண்டு வாரமா ஒண்ணும் போடலன்னு சொல்றேனே!"

ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனான். முகத்தைச் சுளித்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு அவன் மர்டோ பக்கம் திரும்பவே இல்லை.

"நீ மோந்து பாரு," என்று உள்ளங்கையை அவளிடம் நீட்டினான்.

திரிந்த பால் வாடை. அதற்கும் அடியில், மெல்லியதாக, வெனிலா.

மின்விசிறி நான்கு செடிகளையும் மாறி மாறி அசைத்துக்கொண்டிருந்தது. எஃபி எழுந்து நாற்காலிக்குப் போனாள். போர்வையை விலக்கி, மர்டோவின் அக்குளில் கை கொடுத்து, தொட்டியைத் தூக்குவது போலவே தூக்கினாள். அவள் கை எதிர்பார்த்த கனம் அங்கே இல்லை.

அவளை விடவும் பயந்துபோனவனாக மர்டோ அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு எறங்கல. அதுக்காவது பசிக்குமேன்னுதான் ஊத்தினேன்."