அலை தெரியவில்லை

எடிட்டிங் டைம்லைனில் ஒலி அலையைக் காணோம் என்று ஏஞ்சல் மேரி பிரிட்டோவுக்குப் போன் செய்தபோது வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி.

அவனோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"சவுண்டு கேக்குதா, அதுவும் இல்லியா?" என்று, நேற்றுப் பேசி வைத்தவன் போல எடுத்த எடுப்பில் வேலைக்கு வந்துவிட்டான்.

கேட்கிறது. பேச்சு, பாட்டு, பிள்ளைகள் சத்தம் எல்லாம் கேட்கிறது. மேடும் பள்ளமுமாக அலை ஓட வேண்டிய பச்சைப் பட்டை மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது. அலை இல்லாமல் எந்த இடத்தில் வெட்டுவது, எதோடு ஒட்டுவது?

வில்லியனூரில் அவள் இப்போதும் வேலை செய்கிற இந்த வீடியோ கடையில் நான்கு வருடம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவன் கேமரா, அவள் எடிட்டிங். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பிரிட்டோ இரண்டு கேமராவையும் ஓடவிட்டு, நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவான். அந்தத் தட்டு இரண்டு அலையிலும் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். முள்ளுக்கு முள் பொருத்தினால் இரண்டு கேமராவும் ஒட்டிக்கொள்ளும். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை என்று எத்தனை வீட்டு விசேஷம் அவன் கைதட்டலில் தொடங்கியது என்பது அவளுக்கே நினைவில்லை.

பிறகு அவனுக்குச் சென்னையில் ஒரு சேனலில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று, "போவட்டா?" என்று கேட்டான். இந்த மகராசியும், ஊருக்குப் போகிற யாரிடமும் சொல்வதைப் போல "போயிட்டு வா" என்றாள். சொல்ல நினைத்தது வேறு.

பிரிட்டோ சாப்ட்வேரை மூடித் திறக்கச் சொன்னான். மூடித் திறந்தாள். வரவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போடச் சொன்னான். அதற்கும் வரவில்லை. கேச் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டு மறுபடியும் லோடு பண்ணு என்றான். இருபது நிமிடம் இழுக்கிற வேலை அது. போனை வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடு என்று சொல்லவில்லை.

அந்த இருபது நிமிடத்தில், எதிர்க்கடையில் இன்னும் டீ போடுகிறார்களா என்று கேட்டான். புதிதாக வந்த கேமராக்காரன் எப்படி என்று கேட்டான். ஊர்ப் பக்கம் மழை உண்டா என்று கேட்டான். லியோ பிரகாஷைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

லியோ பிரகாஷ் மூலக்குளத்து மாப்பிள்ளை. அவளுக்கு அப்பா பார்த்துப் பேசி முடித்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர், அதுதான் தொல்லை. கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை படித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லலாம் என்று சாமியார் படித்து முடிக்கும்போதெல்லாம் ஏஞ்சல் மேரி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது ஓலை இந்த ஞாயிறு. பிரிட்டோவின் அம்மா செலின் மேரி முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டவள். மகன் காதில் போடாமல் இருந்திருக்க மாட்டாள்.

உண்மையில் அந்த அலை எங்கும் தொலைந்துபோகவில்லை.

டைம்லைனுக்கு மேல் ஓரத்தில் ஸ்பேனர் படம் போட்ட குட்டிப் பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கினால், அலையைக் காட்டவா வேண்டாமா என்று ஒரு வரி வரும். காலையில் கடையைத் திறந்ததும் அந்த வரியில் இருந்த டிக்கை எடுத்துவிட்டது அவளேதான். சும்மா போன் செய்ய அவளுக்குத் தைரியம் இல்லை. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

'ஸ்பேனர் பட்டனைப் பார்த்தியா' என்று அவன் கேட்டால் அரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஒரு வாரம் வேலை பழகியவன்கூட முதலில் அதைத்தான் கேட்பான்.

பிரிட்டோ கேட்கவில்லை. கேச் முடிந்து இப்போது கம்ப்யூட்டரின் சவுண்டு டிரைவரை மாற்றிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் இழுக்கிறான் என்றால், எட்டு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத ஏக்கம் அவனுக்கும் உண்டா? கேட்டுவிட வேண்டியதுதான் என்று, "பிரிட்டோ" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் அமல்தாஸ் உள்ளே வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து மவுஸை வாங்கி ஸ்பேனரைத் தட்டி, அந்த வரியில் டிக் போட்டார். பச்சைப் பட்டை முழுவதும் அலை வந்து நிரம்பியது.

"இதுக்காம்மா இவ்ளோ நேரம் போனு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சென்னைக்கு அது கேட்டிருக்கும்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

இனிமேல் போனை வைக்க வேண்டியதுதான். அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நம்ம கோயில்ல பூச எத்தினி மணிக்கு?" என்று கேட்டான் பிரிட்டோ.

அந்தக் கோயில் பீடத்தில் ஒன்பது வருடம் மணி அடித்தவன் அவன். அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கே பூசை நேரம் மாறியதில்லை.

"ஏழரைக்கு," என்று, ஊருக்குப் புதியவனுக்குச் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னாள். "நீ ஆறு மணிக்கே வந்துடு, ஓலைக்கு முன்னாடி சாமியாரப் பாக்கணும்."