விறகுச் செலவு

“விறகுக்கு ஆகுறதுல பாதிதான் சார் காஸ் ஹீட்டருக்கு ஆகும். விறகு ஈரமா இருந்தா பாதிச் சூடு புகையாவே போயிடும்” என்றார் மலைக் குளிருக்கு அறை ஹீட்டர் பொருத்த வந்த மெக்கானிக்.

கணவர் தலையாட்டினார். மனைவி மட்டும் விடவில்லை.

“காஸ் விலை ஏறிக்கிட்டே இருக்கே. விறகே இருக்கட்டுங்க.”

“விறகுக் கடையிலேர்ந்து ஒரு மைல் நடந்து சுமந்துட்டு வர்றியே, உனக்காகத்தானே வாங்குறேன்!”

“எனக்கு ஒரு சிரமமும் இல்லைங்க. வாரத்துக்கு ரெண்டு தடவைதானே?” அவள் குரல் தழுதழுத்தது.

சுமை குறையுதுன்னா அழற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன் என்று மெக்கானிக் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். ஹீட்டரைப் பொருத்தி, அறை சூடானதும் கிளம்பினார்.

பாதி வழியில்தான் வாரண்டி அட்டையைக் கொடுக்காதது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. ஜன்னல் கிரில்லுக்குப் பின்னால் அவள் நின்றாள்.

“இப்படியே கொடுங்கண்ணே.”

“உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டா?”

“நாலு வருஷமா இப்படித்தான். விறகுக்கு மட்டும்தான் வெளியே கூட்டிட்டுப் போவாரு. அப்பத்தான் நாலு மனுஷங்க முகத்தைப் பார்ப்பேன்.”

மெக்கானிக் பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“இந்த கிரில் நாலு ஸ்க்ரூலதான் நிக்குது. கழட்டட்டுமாம்மா?”

அவள் செருப்பைத் தேடி உள்ளே ஓடினாள்.