புத்தூர்க் கட்டு

மனைவி போனபிறகு, ஆந்திராவின் புத்தூரில் திருவேங்கடத்தின் வீட்டில் கேட்பதெல்லாம் எலும்புக்குக் கட்டுப் போட வருகிறவர்களின் குரல்தான். அன்று திருத்தணியிலிருந்து தாட்சாயணி நொண்டிக்கொண்டு வந்தாள். கூட வந்த மாமியார் சந்திரம்மா வாசற்படி தாண்டவில்லை. தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை.

“திருத்தணி மெட்ராசோட சேந்ததுலருந்து ஆந்திரா பக்கம் போவவே கூடாதுன்றாரு எங்கூட்டுக்காரரு. இவ கணுக்கால் நோவுதுன்னு அழுதுக்கினே கீறா. வேற எங்க போறது?”

திருவேங்கடம் கணுக்காலை அழுத்திப் பார்த்தார்.

“வலிக்குதாம்மா?”

“உசுரு போவுது.”

பச்சிலையை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசி, தடிமனாகத் துணி சுற்றினார்.

“உள்வீக்கம். வாராவாரம் இங்க வந்து கட்டு மாத்தணும். ரெண்டு மாசம் ஆவும்.”

“ரெண்டு மாசமா!” முணுமுணுத்துக்கொண்டே சந்திரம்மா வண்டியைக் கூப்பிடப் போனாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “வீக்கமே இல்லியே, கண்ணு.”

“எல்லைத் தகராறுல நீயும் எம்மாமனாரும் மொறைச்சிக்கினீங்க. பொறந்த வூட்டுக்குன்னா என்னை அனுப்ப மாட்டாங்க. கட்டுக்குன்னாதான் அனுப்புவாங்க, நைனா.”