மேலே இருந்த நான்கு வசனங்கள்

உபதேசியார் ஞானசிகாமணியின் மனைவியை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் வேதப்புத்தகம் இருந்தது, ஜெபம்தான் வரவில்லை. சபையிலிருந்து பார்க்க வந்த எப்சிபாளிடம் அதை நீட்டினார்.

“ஏதாவது ஒரு சங்கீதம் வாசிம்மா.”

அவள் தேடாமலே பக்கத்தைத் திறந்து வாசித்தாள். பாடியவன் மனம் கசந்து கர்த்தரிடமே கேள்வி கேட்கும் இடம் அது. உபதேசியாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் வாசித்து முடிக்கும்வரை அழுதார்.

“இது உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“எங்க வீட்டுக்காரரு பனையிலேருந்து விழுந்து செத்தப்போ நீங்க வாசிச்சதுதான் ஐயா. கடைசி ரெண்டு வசனம் மட்டும் வாசிச்சிய. விசுவாசி அழக் கூடாது, தோத்திரம் சொல்லுன்னிய. பொறவு நானே எடுத்துப் பாத்தேன். மேல நாலு வசனம் அழுதுட்டுத்தான் பாடுனவரு அந்தத் தோத்திரத்துக்கு வந்திருக்காரு.”

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அன்று ஒரு கல்யாண விருந்துக்கு நேரமாகிறதென்று தாம் அவசரப்பட்டது அவருக்கு நினைவு வந்தது.

“அப்போ நீ அழவே இல்லையா?”

“அழுதேன் ஐயா. தெருவுல உங்க சைக்கிள் சத்தம் கேட்டா மட்டும் நிறுத்திக்கிடுவேன்.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புத்தகத்தை வாங்கி விரித்து, அதே சங்கீதத்தின் முதல் வசனத்தில் விரலை வைத்தார்.