மிளகளவு

வெளியே சந்தில் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பங்கஜம் டீச்சர் எழுந்துபோய் வகுப்பறை ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள்.

"பெத்தவளுக்கு அப்படி என்ன வேலையோ" என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. அதற்குள் மிளகளவில் கறுப்பாக ஓர் உருண்டை.

எதிரே அங்காளம்மாள் நின்றாள். நொச்சிக்குப்பத்துப் பெண், பதின்மூன்று வயது, மூன்றாம் பாரம்.

"இது என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

தெரியாமல் என்ன? அன்று காலையில்தான் சுகாதாரப் பாடத்தில் லாகிரி வஸ்துக்களைப் பற்றித் தொண்டை கட்ட முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள். அபின் எப்படி இருக்கும், வாடை எப்படி, முதலில் தூக்கம், பிறகு பசியின்மை, அளவு தவறினால் விழிக்காத தூக்கம் என்று போர்டில் எழுதியும் போட்டாள்.

மற்றப் பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அங்காளம்மாள் மட்டும் போர்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். மத்தியான மணி அடித்தும் சாப்பிடப் போகாமல், பென்சில் பெட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், இது.

"பெரிய டீச்சர்கிட்ட கொண்டுபோனா இன்னிக்கே உன் பேரை அடிச்சுடுவாங்க. தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

பங்கஜத்துக்குக் கோபத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் அதிகமாக இருந்தது. இந்தப் பெண்ணைப் பள்ளிச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தலைமையாசிரியையிடம் மன்றாடியவளே அவள்தான். பெண்ணின் அம்மா தாயம்மா அவள் வீட்டில் ஆயா.

கணவர் பட்டாளத்தில் குமாஸ்தாவாக அஸ்ஸாமுக்குப் போய்விட்டார். ஏழு மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் பங்கஜம் வேலைக்கு வர முடிகிறதென்றால் அது தாயம்மாவின் தயவு. முன்பு இருந்த ஆயாவை, குழந்தையை ஓயாமல் அழவிட்டாள் என்று நிறுத்த வேண்டியிருந்தது. தாயம்மா வந்த இரண்டு மாதமாகக் குழந்தை அத்தனை சமத்து. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு எட்டு நடந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் இப்போதெல்லாம் போவதையே விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவளின் பெண் இப்படி. வகுப்பில் தூங்கி விழுந்தபோதெல்லாம் காதைத் திருகினோமே தவிர, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டோமா என்று பங்கஜம் தன்னையே நொந்துகொண்டாள்.

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு மாசமா கொண்டாறேன் டீச்சர்."

"யார் குடுக்கறா?"

"பக்கத்தூட்டு மாமா. அவரு ஏழு மணிக்கு மேலதான் கதவு தொறப்பாரு. அதுக்குள்ள அம்மா வேலைக்கு வந்துடும். அதான் நான் வாங்கியாறேன்."

"அதனாலதான் கிளாஸ்ல தூங்கி வழியறியா?"

"அது இதனால இல்ல டீச்சர். இருட்டுல எழுந்து கொழாயாண்ட தண்ணி புடிக்கணும். நான் இத்த துன்னதே இல்ல."

"பொய் சொல்லாதே."

"ஆத்தா மேல சத்தியமா டீச்சர்." அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "தெனம் சாப்பிடப் போறப்போ அம்மா கையில குடுத்துடுவேன். இன்னிக்கு நீங்க பாடம் சொன்னப்புறம் எனக்குப் போகவே பயமா கீது. இவ்ளோ நாளும் இத்தப் போய்க் குடுத்துக்கினு இருந்தேனேன்னு..."

பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பங்கஜம் பொட்டலத்தை மடித்து மூடினாள். அபின் தின்கிறவள் கையிலா குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்? இன்றோடு தாயம்மாவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட வேண்டியதுதான். அப்படியானால் நாளைக்குக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கூடவே ஒரு கவலை எழுந்தது. அந்த நேரத்தில் அதை நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்போ இதைத் தின்றது உங்கம்மாவா?"

"அம்மாவும் துன்னாது டீச்சர்."

"பின்னே யாரு?"

பெண் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே அந்தக் குழந்தையின் அழுகை இன்னும் உரத்தது. நிதானமாக ஒரு வார்த்தை விசாரிக்க முடியவில்லையே என்ற எரிச்சலில் பங்கஜம் எழுந்துபோய் ஜன்னலின் மறு கதவில் கை வைத்தாள்.

"சாத்தாதீங்க டீச்சர்" என்றாள் அங்காளம்மாள். "இன்னிக்குப் பாலுல கலக்க அம்மாகிட்ட ஒண்ணும் இல்ல. அழுவுறது உங்க பாப்பாதான்."