மிச்சம் வைத்த மீன்

சீனப் புத்தாண்டு விருந்து மேசையின் நடுவில் இருந்த கெண்டையை நோக்கி, கர்ப்பிணி மருமகள் யுன்ஷியா ஆசையாகச் சாப்பாட்டுக் குச்சியை நீட்டினாள். மாமியார் வெடுக்கென்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வருஷம் பூரா குறைவில்லாம இருக்க மிச்சம் வைக்கிற மீனும்மா. தொடக் கூடாது.”

மறுநாளும் தொடவிடவில்லை. மூன்றாம் நாள் மாமனார் அதைத் தோட்டத்தில் புதைத்தார்.

“வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு ஒரு துண்டு தர மனசில்ல, மண்ணுக்குப் போடறீங்களே மாமா?”

மாமனார் குரலைத் தாழ்த்தினார். “கோவிச்சுக்காதேம்மா. நாம மீன் வளர்க்கற குளத்துல சாயப்பட்டறைத் தண்ணி கலக்குது. அந்த மீன் சந்தைக்கு மட்டும்தான். வீட்ல யாரும் வாயில வைக்கறதில்ல.”

யுன்ஷியாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“டவுன்ல எங்கம்மா தினமும் எனக்குக் கெண்டை சூப்தான் வைக்கறாங்க மாமா. சம்பந்தி வீட்டு மீனாச்சேன்னு, சந்தையில தேடித் தேடி உங்க மீனைத்தான் வாங்கறாங்க.”